எஸ்இலினக்ஸை அணைக்காமலே ஓட்டிய சர்வர்கள்: ஒரு நீண்டகால அனுபவம்

சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் வெளியீட்டின் காலத்திலிருந்து நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்களில், லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கான எஸ்இலினக்ஸ், விதி மீறலைத் தடுத்தே தீரும் 'என்ஃபோர்சிங்' நிலையில்தான் ஓடுகிறது. 2024 ஜூனில் அந்த வெளியீட்டுக்கு ஆதரவு முடிந்ததும் ராக்கி லினக்ஸ் 9-க்கு மாறினோம். அங்கும் அணைக்கவில்லை. "அதை இன்னுமா வைத்திருக்கிறாய்? இன்ஸ்டால் பண்ணின கையோடு நாங்கள் அணைத்துவிடுவோமே" என்று தொழிலில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்கள் சொல்லும் தொல்லைகளில் பாதி நிஜம், பாதி கேள்விப்பட்டது.

லினக்ஸின் வழக்கமான பெர்மிஷன் கோப்பின் சொந்தக்காரர் கையில் இருக்கிறது. ரூட் (முழு அதிகாரம் கொண்ட கணக்கு) கிடைத்துவிட்டால் தடையே இல்லை. எஸ்இலினக்ஸில் ஒவ்வொரு புராசஸுக்கும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்), ஒவ்வொரு கோப்புக்கும், நெட்வொர்க் போர்ட்டுக்கும்கூட ஒரு லேபிள் உண்டு. எந்த லேபிள் எதைத் தொடலாம் என்பது பாலிசி என்ற விதித் தொகுப்பில் இருக்கும். அதில் எழுதாதது எதுவும், ரூட்டாக ஓடும் புராசஸாக இருந்தாலும், நடக்காது. அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ 2000-இல் வெளியிட்ட நிரல் இது, 2003-இல் லினக்ஸின் உட்கருவான மைய கர்னலுக்குள் வந்தது. உளவு அமைப்பு எழுதியதை நம்பலாமா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஆண்ட்ராய்டு போன். 5.0 வெளியீட்டிலிருந்து அது முழுக்க எஸ்இலினக்ஸுக்குள்தான் ஓடுகிறது!

எனக்கு வந்த புகார்களில் பெரும்பாலானவை லேபிள் சிக்கல். டெவலப்பர் தன் ஹோம் டைரக்டரியில் சைட்டைத் தயார் செய்து 'எம்வி' போட்டு வெப் டைரக்டரிக்கு நகர்த்துவார். பிரவுசரில் 403, அதாவது அனுமதி மறுப்பு. உடனே எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தரும் 'சிஎச்மாட் 777'. அப்போதும் 403. 'எல்எஸ் -இசட்' போட்டுப் பார்த்தால் கோப்புகளில் 'யூசர்_ஹோம்_டி' என்ற லேபிள் அப்படியே இருக்கும். நகலெடுக்கும் 'சிபி' செய்திருந்தால் புது இடத்தின் லேபிள் கிடைத்திருக்கும், 'எம்வி' பழையதையே சுமந்துகொண்டு வரும். இடத்துக்குரிய லேபிளைத் திரும்பப் போடும் 'ரீஸ்டோர்கான்' ஒருமுறை ஓட்டினால் சரியாகிவிடும். வழக்கத்துக்கு மாறான இடத்தில் சைட் இருந்தால், 'செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்' மூலம் அந்த இடத்துக்கான விதியைப் பதிந்துவிட்டுப் பிறகு 'ரீஸ்டோர்கான்'. பல வழிகாட்டிகள் சொல்லும் 'சிஎச்கான்' லேபிளை நேரடியாக மாற்றும். அது அன்றைக்கு மட்டும் வேலை செய்யும், லேபிள்களை மறுபடி போடும் அடுத்த ரீலேபிளில் போய்விடும்.

அடுத்தது போர்ட். முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர், பின்னால் 3000-ஆம் போர்ட்டில் ஒரு நோட் (ஜாவாஸ்கிரிப்ட்) ஆப். 'கர்ல்' கட்டளையால் நேரடியாகக் கேட்டால் ஆப் பதில் சொல்கிறது, என்ஜின்எக்ஸ் வழியாகப் போனால் 502, அதாவது பின்னாலிருந்து சரியான பதில் இல்லை. எரர் லாக்கில் "13: பெர்மிஷன் டினைட்". நாம் லாகின் செய்து ஓட்டும் 'கர்ல்' கட்டுப்பாடில்லாத டொமைனில் (புராசஸின் லேபிளை அப்படித்தான் அழைப்பார்கள்) ஓடுகிறது, என்ஜின்எக்ஸோ 'எச்டிடிபிடி_டி' என்ற டொமைனுக்குள். மறுப்புகள் பதியும் ஆடிட் லாக்கில் 'நேம்_கனெக்ட்' (போர்ட்டோடு இணைதல்) மறுக்கப்பட்டது என்றும், அந்தப் போர்ட்டின் லேபிள் 'என்டாப்_போர்ட்_டி' என்றும் இருக்கும். என்டாப் என்ற வேறொரு மென்பொருளுக்கு 3000-ஐப் பாலிசி ஒதுக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இணையத்தில் எல்லாரும் சொல்லும் தீர்வு 'எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்' என்ற பூலியனை (பாலிசியில் உள்ள ஆன்/ஆஃப் சுவிட்ச்) ஆன் செய்வது. வேலை செய்யும், ஆனால் வெப் சர்வர் எந்த டிசிபி போர்ட்டுக்கும் வெளியே போகலாம் என்று அர்த்தம். நான் ஆப்பை 8080-க்கு நகர்த்திவிட்டு 'நெட்வொர்க்_ரிலே' பூலியனை மட்டும் ஆன் செய்கிறேன். அது குறிப்பிட்ட சில போர்ட்களோடு நின்றுவிடும்.

'ஆடிட்2அலோ' பற்றி ஒரு எச்சரிக்கை. லாக்கில் மறுக்கப்பட்டதை எல்லாம் படித்து, அதையே அனுமதியாக எழுதிக் கொடுக்கும் கருவி அது. மேலே சொன்ன 403 சிக்கலை அதனிடம் கொடுத்தால், வெப் சர்வர் 'யூசர்_ஹோம்_டி' கோப்புகளைப் படிக்க விதி எழுதும். அதாவது எல்லா யூசர்களின் ஹோம் கோப்புகளும். ஒரு 'ரீஸ்டோர்கான்' போதுமான இடத்தில் வீட்டையே திறந்து விட்டாயிற்று. நான் அதை விதி எழுத அல்ல, என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள மட்டும் பயன்படுத்துகிறேன். அதற்கு, மறுப்பின் காரணத்தைச் சொல்லும் 'ஆடிட்2ஒய்' இன்னும் நல்லது.

இனி என் உண்மையான மனக்குறைகள். எந்த மென்பொருளும் "எஸ்இலினக்ஸ் தடுத்தது" என்று சொல்வதில்லை. எல்லாம் "பெர்மிஷன் டினைட்" மட்டுமே. அதைவிட மோசம், ஆடிட் லாக்கிலும் எதுவும் இல்லாமல் போவது. வெளியாள் ஒருவர் கொடுத்த பேக்கப் ஏஜென்ட் சில டைரக்டரிகளை மட்டும் படிக்காமல் விட்டது. லாக் சுத்தம். பெர்மிஷன் எல்லாம் சரி. பாலிசியில் 'டோன்ட்ஆடிட்' என்று சில விதிகள் உண்டு: மறுக்கும், ஆனால் பதியாது. 'செமாட்யூல் -டிபி' போட்டு அவற்றை எடுத்தபின்தான் மறுப்புகள் வரிசையாக வந்தன. (வேலை முடிந்ததும் 'செமாட்யூல் -பி' போட மறக்காதீர்கள், லாக் நிரம்பி வழியும்.) இது தெரியாதவர் எத்தனை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொள்வார் என்று யோசித்தால், அணைத்துவிடுபவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை. என்ஃபோர்சிங் என்று இருந்தால் எல்லாமே கட்டுக்குள் இருக்கிறது என்று நினைக்கிறோம். புராசஸ்களின் லேபிளைக் காட்டும் 'பிஎஸ் -இஇசட்' போட்டுப் பாருங்கள். டிஸ்ட்ரோவோடு வந்த சர்வீஸ்களுக்குத் தனி டொமைன் இருக்கும். நீங்களாக நிறுவிய டீமன்களில் (பின்னணியில் ஓடும் நிரல்கள்) பல 'அன்கன்ஃபைண்ட்_சர்வீஸ்_டி'-யில் ஓடும். பெயரே சொல்கிறது, அவற்றுக்குக் கிட்டத்தட்ட எந்தத் தடையும் இல்லை. அவற்றுக்கு நாமே பாலிசி எழுத வேண்டும். 'செபாலிசி ஜெனரேட்' ஒரு தொடக்கம் கொடுக்கும், அதற்கப்புறம் பாலிசி எழுதப் பயன்படும் எம்4 மேக்ரோக்களோடு மல்லுக்கட்டுதான். அந்த டொமைனை மட்டும் பெர்மிசிவ்வில் (தடுக்காமல் பதிய மட்டும் செய்யும் நிலை) வைத்து, லாக்கைப் பார்த்துப் பார்த்து விதிகளைச் சேர்ப்பதுதான் நடைமுறை. எனக்கு இன்னும் பிடிக்காத வேலை.

இந்த விஷயத்தில், எஸ்இலினக்ஸுக்கு மாற்றான ஆப்ஆர்மர் எவ்வளவோ எளிது. உபுண்டு சர்வர்களில் அதைத்தான் பயன்படுத்துகிறேன். லேபிள் கிடையாது, கோப்பின் பாதையை வைத்தே விதி. புரொஃபைலை (ஒரு மென்பொருளுக்கான விதிக் கோப்பு) திறந்தால் படித்துப் புரிந்துகொள்ளலாம். மைஎஸ்கியூஎல் டேட்டா டைரக்டரியைப் புது டிஸ்க்குக்கு மாற்றினால் சர்வீஸ் எழும்பாது, புரொஃபைலில் புதுப் பாதையைச் சேர்த்தால் போதும். ஆனாலும் ஒரே சர்வரில் தனித்தனிப் பெட்டிகள்போல் ஆப்களை ஓட்டும் கன்டெய்னர்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைக்க லேபிள் முறையே எனக்கு நம்பிக்கை தருகிறது. 2019-இல் கன்டெய்னர்களை இயக்கும் ரன்சி என்ற மென்பொருளின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது ரெட் ஹேட்டின் வழக்கமான எஸ்இலினக்ஸ் அமைப்பு அந்தத் தாக்குதலைத் தடுத்தது. அன்று பேட்ச் வரும்வரை கொஞ்சம் நிம்மதியாக இருக்க முடிந்தது. ஓப்பன்சூசே டம்பிள்வீட் என்ற லினக்ஸ் வெளியீடும் 2025-இல் புது நிறுவல்களுக்கு ஆப்ஆர்மரை விட்டு எஸ்இலினக்ஸுக்கு மாறிவிட்டது.

கன்டெய்னர் வால்யூமில் (கன்டெய்னரோடு பகிரும் டைரக்டரி) பெரிய எழுத்தில் ':இசட்' போடுபவர்கள் கவனிக்க: அது அந்த டைரக்டரி முழுவதையும் ரீலேபிள் செய்யும். '/ஹோம்' மீது போட்டு எஸ்எஸ்எச் சாவி வேலை செய்யாமல் போன கதைகள் உண்டு.

ஏற்கெனவே அணைத்து வைத்திருக்கும் சர்வரில் திரும்ப ஆன் செய்ய நினைத்தால், நேராக என்ஃபோர்சிங்குக்குப் போக வேண்டாம். அணைந்திருந்த காலத்தில் உருவான கோப்புகளுக்கு லேபிளே இருக்காது, பூட் ஆகாமலே நின்றுவிடக்கூடும். முதலில் பெர்மிசிவ், பூட் ஆகும்போது எல்லாவற்றுக்கும் லேபிள் போடச் சொல்லும் '/.ஆட்டோரீலேபிள்' என்று ஒரு காலிக் கோப்பு, ரீபூட். பெரிய டிஸ்க் என்றால் இதற்கு நேரம் பிடிக்கும், அதற்கேற்ப டவுன்டைம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சில நாள் ஆடிட் லாக்கைப் பார்த்து, மறுப்புகள் அடங்கியதும் என்ஃபோர்சிங்.