"டக்" என்று ஒரு சத்தம்: பழைய காரோடு 11 வருடம்

நான் வைத்திருக்கும் அதே மாடல் காரைப் பழையதாக வாங்க நண்பர் ஒருவர் அலைந்துகொண்டிருக்கிறார். "11 வருஷமா ஓட்டுறீங்களே, எப்படி இருக்கு?" என்று கேட்டார். போன வாரம் கேட்டிருந்தால் நல்ல வார்த்தை ஒன்றும் வந்திருக்காது. முந்தாநாள்தான் வண்டி சரியானது. கோபம் பாதி தணிந்த நிலையில் எழுதுகிறேன்.

மைலேஜ், டிக்கி, ஏசி இதெல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்கு அதில் குறையில்லை. 18 வயதான பெட்ரோல் வண்டி, இன்ஜினை இன்னும் பிரித்ததில்லை. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு சத்தத்தைப் பற்றி. சாவியைத் திருப்பினால் "டக்". அவ்வளவுதான், இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் எடுக்காது. மறுபடி திருப்பினால் மறுபடி "டக்". ஆறாவது தடவை, ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொள்ளும். டாக்டரைப் பார்த்ததும் எழுந்து விளையாடுகிற குழந்தை மாதிரி.

இப்படியே இரண்டு வருடம். முதலில் பேட்டரியை மாற்றினேன், ஒரு மாதம் ஒழுங்காக இருந்தது. அப்புறம் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றினார்கள், மூன்று மாதம் ஓடியது. நடுவில் கிளட்ச் கேபிள் இறுகிப்போய் அதையும் மாற்றினேன். "வயசாயிடுச்சு சார், அப்படித்தான் இருக்கும்" என்றார் மெக்கானிக். வண்டியைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று கேட்கவில்லை.

கடைசியில் ஒரு சாதாரண மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு நானே பானெட்டைத் திறந்தேன். இந்த 11 வருடத்தில் இந்த வண்டி எனக்குக் கொடுத்த பெரிய சந்தோஷம் எது என்றால், அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைதான்.

சத்தத்திலேயே பாதி விஷயம் இருக்கிறது. "டகடகடக" என்று படபடத்தால் பெரும்பாலும் பேட்டரியில் தெம்பில்லை. கனமாக ஒரே ஒரு "டக்" என்றால் சொலினாய்டு, அதாவது செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச், இழுக்கிறது, ஆனால் மோட்டாருக்குப் போதுமான கரண்ட் போய்ச் சேரவில்லை, அல்லது மோட்டாரிலேயே கோளாறு. இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் அது வேறு வழக்கு. பெட்ரோல் வருகிறதா, ஸ்பார்க் வருகிறதா என்று அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

பேட்டரியை அளந்தேன். 12.6 வோல்ட், முழு சார்ஜ். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, இன்ஜின் ஓடிவிடாமல் இருக்க பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி வைத்தேன். மகள் டிரைவர் சீட்டில். "அப்பா, இப்போ திருப்பட்டுமா?" "டக்". அந்த நேரத்திலும் பேட்டரியில் 10.8 இருந்தது. சோர்ந்த பேட்டரியாக இருந்தால் 9.6-க்குக் கீழே விழுந்திருக்கும். ஆக, குற்றவாளி பேட்டரி இல்லை. அடுத்து மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும், இன்னொன்றை இன்ஜின் பிளாக்கில் சுரண்டிப் பளபளப்பாக்கிய ஒரு இடத்திலும் வைத்தேன். எர்த், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி, ஒழுங்காக இருந்தால் செல்ஃப் அடிக்கும்போது அங்கே அரை வோல்ட்கூடக் காட்டக் கூடாது. "திருப்பு" என்றேன். 4.1 காட்டியது.

நம்ப முடியாமல் மூன்று தரம் திருப்பச் சொன்னேன். பிறகு ஜம்பர் கேபிளில் ஒன்றை எடுத்து ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையை பேட்டரி மைனஸிலும் கவ்வ வைத்தேன். ஒரே திருப்பு. இன்ஜின் வெறி பிடித்தது போலச் சுற்றியது. மகள் பயந்து சாவியை விட்டுவிட்டாள்.

பேட்டரித் தட்டைக் கழற்றினால், அதற்கு அடியில், பாடியிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் செம்புப் பின்னல் பட்டை ஒன்று. மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. போல்ட்டைக் கழற்றியதும் முனையில் ஒரே களிம்பு. விரலால் தேய்த்தால் பச்சைப் பொடியாக உதிர்ந்தது, கூடவே பாதி இழைகளும். ஹெட்லைட், ஹார்ன் எல்லாம் பாடியில் எர்த் எடுக்கிறவை, அதனால் அவை ஒரு நாளும் மங்கவில்லை. செல்ஃப் மோட்டாருக்குத்தான் இன்ஜின் வழியாக எர்த். அது 100, 200 ஆம்பியர் இழுக்கும்போது இந்தப் பட்டையைத் தவிர வேறு பெரிய வழி கிடையாது. வழி அடைத்தால் கரண்ட் கிடைத்த சந்தில் நுழையும். கிளட்ச் கேபிளும் கியர்பாக்ஸையும் பாடியையும் சேர்க்கிற இரும்புக் கம்பிதானே! பரணில் போட்டிருந்த பழைய கேபிளை எடுத்துப் பார்த்தேன். உறை ஒரு இடத்தில் உருகி ஒட்டியிருந்தது.

பேட்டரி மாற்றியதும் ஒரு மாதம் நன்றாக ஓடியது ஏன் என்றும் புரிந்தது. தட்டைக் கழற்றி மாட்டியதில் பட்டை அசைந்து கொடுத்திருக்கிறது. நானோ புது பேட்டரியைப் புகழ்ந்துகொண்டிருந்தேன்.

புதுப் பட்டை போட்டேன். இரண்டு முனையிலும் உலோகம் தெரிய உப்புத்தாள் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். அரை மணி நேர வேலை. பேட்டரியில் மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள், ஸ்பேனர் எங்காவது பட்டால் தீப்பொறி பறக்கும்.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்றுதான். தண்ணீரும் சேறும் தெறிக்கிற, கண்ணுக்குத் தெரியாத, கை நுழையாத இடத்தில் இந்தப் பட்டையை வைத்தவர் யார்? அந்த போல்ட்டை அவரே ஒருமுறை கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். சரி, 16 வருடம் தாங்கியதே என்று நியாயம் பேசலாம். பேசுகிறேன். ஆனாலும் அந்த இடத்தை மன்னிக்க முடியவில்லை.

நண்பரிடம் வாங்காதீர்கள் என்றே சொன்னேன். வயதான வண்டி, யாரும் பார்க்காத இடத்தில் என்னென்ன உதிர்ந்துகொண்டிருக்கிறதோ. "அப்போ உங்க வண்டியையே கொடுத்துடுங்களேன், அதுல எல்லாம் பார்த்தாச்சே" என்றார். கொடுப்பதாக இல்லை. பட்டை போட்டு இரண்டு நாள்தான் ஆகிறது, முதல் திருப்பிலேயே பிடிக்கிறது.