இயல்வாரியா, தலைப்புவாரியா? ஆய்வுச் சுருக்கத்தின் இரண்டு வடிவங்கள்

பாளையங்கோட்டையில் ஆய்வேடுகளுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு. முந்நூறு பக்கத்தை மூச்சுவிடாமல் எழுதிய பிள்ளைகள், சுருக்கம் என்ற ஒற்றைப் பக்கத்தில் வந்து தடுமாறுவார்கள்.

தமிழ்த் துறையிலிருந்து வருபவை பெரும்பாலும் இயல்வாரிச் சுருக்கங்கள். பத்தமடைப் பாய் நெய்பவர்களின் தொழிற்சொற்களைப் பற்றிய ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். “முதல் இயல் ஊரின் வரலாற்றைக் கூறுகிறது. இரண்டாம் இயல் நெசவுமுறையை விளக்குகிறது. ஐந்தாம் இயலில் முடிவுகள் தொகுத்துரைக்கப்படுகின்றன.” என்ன முடிவு? அது மட்டும் இருக்காது. பந்தியில் உட்காரவைத்துச் சமையல் பட்டியலை வாசித்துக் காட்டி அனுப்புவது போலத்தான். இருந்தாலும் ஒரேயடியாக ஒதுக்க மனம் வரவில்லை. வாய்மொழித் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளருக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரிய இது உதவும். எழுதுவதும் எளிது, பொருளடக்கத்தோடு வினைமுற்றுகளைச் சேர்த்தால் முடிந்தது. (வினையே அங்கேதான்.)

அறிவியல் பிள்ளைகள் பின்னணி, நோக்கம், முறை, முடிவு என்று தலைப்பிட்டுக் கொண்டுவருவார்கள். 1980-களின் பிற்பகுதியிலிருந்து மருத்துவ இதழ்கள் பரப்பிய வடிவம் இது. ‘முடிவு’ என்று எழுதிவிட்டு எதிரே வெற்றிடம் விட முடியாது என்பதே இதன் பலம். ஆனால் பின்னணி ஊதிப்போகும். ஆற்று நீரின் தரம் பற்றிய சுருக்கம் ஒன்றில், தாமிரபரணி பொதிகையில் பிறந்து 128 கிலோமீட்டர் ஓடி புன்னைக்காயலில் கடல் சேரும் கதைக்கே ஏழு வரி போயிருந்தது. திருநெல்வேலியில் இதை யாருக்குச் சொல்வது? ஒரு வரியாக வெட்டினேன். மிஞ்சிய இடத்தில் எத்தனை படித்துறைகளில், எந்த மாதங்களில் ஆய்வாளர் நீர் எடுத்தார் என்பது ஏறியது. அதுவரை அது சுருக்கத்திலேயே இல்லை.

இலக்கிய ஆய்வுக்கு இந்தத் தலைப்புகள் இரவல் சட்டை. ‘முறை: விளக்கமுறை’ என்று ஒரே சொல்லில் தப்பித்துவிடுவார்கள்.

என் கட்சி தலைப்புவாரிதான், ஆனால் கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோலத் தலைப்புகளைக் கட்டி எழுதிவிட்டுப் பிறகு அவிழ்த்துவிட வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிகளுக்குப் பிறகு இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஆய்வேடுகள் ஏறுகின்றன. அங்கே தேடி வருபவர் புறத்தேர்வாளர் அல்லர். ஐந்தாம் இயல்வரை புரட்ட அவருக்குப் பொறுமை இருக்காது. பாய் நெய்யும் கோரையைக் கிழிப்பதற்கு எத்தனை சொல் கிடைத்தன, அவற்றில் எவை பாட்டிமாரோடு நின்றுவிட்டன என்பதை முதல் மூன்று வரிக்குள் சொல்லிவிட்டால், மீதியை அவரே திறந்து படிப்பார்.