சிக் லீவில் இருந்த என்னை "ரிசைன்" செய்ய வைத்த எக்ஸ்போர்ட் கம்பெனி - திருப்பூர்க்காரர்கள் கவனம்!

ஆத்திரத்தில் எழுதுகிறேன், கொஞ்சம் முன்பின்னாகத்தான் இருக்கும். உங்களுக்குத் தெரிந்த யாராவது உடம்பு சரியில்லாமல் லீவில் இருந்தால் இதை உடனே அனுப்பிவிடுங்கள். என்னவெல்லாம் செய்யவேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வெளிநாட்டுக்கு டீ-சர்ட் அனுப்பும் பனியன் கம்பெனி. பெயர் போடவேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். 2017 ஏப்ரலில் செக்கிங்கில் சேர்ந்தேன். இப்போது சம்பளம் 18,000. அதில் இ.எஸ்.ஐ.க்கு (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) மாதம் 135 ரூபாய், பி.எஃப். தனி. ஒரு மாதம் கூடப் பிடிக்க மறந்ததில்லை, அதில் மட்டும் ரொம்பச் சரியானவர்கள்.

2024 ஜூலை நடுவில் இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். சளி டெஸ்டில் டி.பி. என்று வந்தது. ஆறு மாத மருந்து. இ.எஸ்.ஐ. டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தார், அதைக் கம்பெனியிலும் கொடுத்தாயிற்று.

அந்த வாரமே சூப்பர்வைசர் அண்ணா வீட்டுக்கு வந்தார். என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டவரே அவர்தான். ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கி வந்து என் அம்மாவிடம் கொடுத்தார். "கண்ணு, நீ ஒடம்பப் பாரு. உன்ற டேபிள எவன் தொடுறான்னு நான் பாத்துக்கறேன்" என்றார். கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து மடித்த வெள்ளைத் தாளை எடுத்தார். "லீவ் லெட்டர் ஆபீஸ்ல டைப் பண்ணிக்குவாங்க, கீழ கையெழுத்து மட்டும் போட்டுடு." எனக்கு 101 டிகிரி காய்ச்சல். எதிரே நிற்பவர் ஏழு வருடமாக ஒரே லைனில் கூட நின்றவர். போட்டேன்.

செப்டம்பரில் மருந்துச் செலவுக்கு பி.எஃப். அட்வான்ஸ் எடுக்கலாம் என்று ஆன்லைனில் பார்த்தால், நான் வேலையை விட்ட தேதி ஜூலை 31 என்று இருக்கிறது!

ஹெச்.ஆர். மேடத்துக்கு போன் போட்டேன். "நீங்கதானே ரிசைன் பண்ணீங்க?" காப்பி கேட்டேன், வாட்ஸ்அப்பில் வந்தது. குடும்பச் சூழ்நிலை காரணமாக விலகிக்கொள்கிறேனாம், அதுவும் இங்கிலீஷில். நாலு வரி டைப் அடித்து, அதற்கும் கீழே ஒரு சாண் இடம் காலி. தாளின் அடியில் என் கையெழுத்து, நடுவில் அண்ணாவின் பாக்கெட்டில் மடிந்த கோடு. அந்தக் கோட்டின் மேலேயே பிரிண்ட் விழுந்திருக்கிறது.

சரி, இவர்கள் பொய்யையே நிஜம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடம் முடித்தவன் தானாக விலகினாலும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) தரவேண்டும், முப்பது நாளுக்குள். எனக்கு அது 72,692. ஜூலையில் வேலை செய்த அரை மாதம் 9,000. உண்மையில் முன்கூட்டிச் சொல்லாமல் நீக்கியது அவர்கள்தானே, அதற்கு நோட்டீஸ் சம்பளம் 18,000. வழக்கமாகத் தரும் தீபாவளி போனஸ் ஒரு மாதச் சம்பளம், இன்னொரு 18,000. மொத்தம் 1,17,692 ரூபாய். கைக்கு வந்தது பூஜ்யம்.

கேட்டால் அக்கவுண்ட்ஸில் "ஷிப்மென்ட் முடியட்டும்" என்பார்கள். ஷிப்மென்ட் முடிந்தால் "ஆடிட் நடக்குது". மேடம் எப்போதும் மீட்டிங். நேரில் போனால் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை, மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்று பேசுகிறார். மருந்து ஆரம்பித்துச் சில வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டாலே பரவுவது நின்றுவிடும் என்று டாக்டர் சொல்கிறார், அதை யார் கேட்கிறார்கள்? அண்ணா ஒரே ஒரு முறை போனை எடுத்தார். "நான் என்ன கண்ணு பண்ணட்டும், மேல சொன்னாங்க." அதோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

பையர் (டீ-சர்ட் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி) ஆடிட்டுக்கு வரும்போது இதே கம்பெனியில் சுவரெல்லாம் தொழிலாளர் உரிமை போர்டு தொங்கும். முதலுதவிப் பெட்டியில் புது பஞ்சு இருக்கும். "என்ன கேட்டாலும் நல்லா இருக்குன்னு சொல்லணும்" என்று எங்களுக்கு முந்தின நாள் ட்ரெய்னிங் வேறு.

2024-ல் இது நடந்தபோது சட்டம் தெளிவாகத்தான் இருந்தது. இ.எஸ்.ஐ. சட்டம் 1948, பிரிவு 73. டாக்டர் சர்டிபிகேட்டோடு சிகிச்சையில் இருப்பவரை வேலையை விட்டு நீக்கக்கூடாது, அந்தச் சமயத்தில் நோட்டீஸ் கொடுத்தாலும் செல்லாது என்றது அது. நீக்கினால் மாட்டிக்கொள்வார்கள் என்பதால்தான் இந்த ராஜினாமா நாடகம். 1,17,692 ரூபாய்க்காக டி.பி. வந்தவன் வீட்டுக்கு ஆப்பிளோடு ஆள் அனுப்பியிருக்கிறார்கள்!

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், நாளைக் காலை லேபர் ஆபீஸில் மனு கொடுக்கவேண்டும், இன்னும் எழுதி முடிக்கவில்லை. அதனால் சுருக்கமாக: வெற்றுத் தாளில் கையெழுத்து யார் கேட்டாலும் போடாதீர்கள். சர்டிபிகேட் கொடுத்தால் சீல் போட்ட காப்பி வாங்குங்கள். லீவில் இருக்கும்போது பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரியை அடிக்கடி பாருங்கள். நீக்கிவிட்டால் லேபர் ஆபீஸில் மனு, கிராஜுவிட்டிக்குத் தனி மனு. யாருக்காவது இதே மாதிரி நடந்து பணம் திரும்பக் கிடைத்திருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், ராத்திரி முழித்துத்தான் இருப்பேன்.