ரிவிட்டு எடுக்கப் போய் எனக்கே 7,450 ரூபாய்க்கு ரிவிட்டு: பழைய கார் வைத்திருப்பவர்கள் படிக்கவும்

கையில் கிரீஸ் கூடப் போகவில்லை, கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். 7,450 ரூபாய் போச்சு. கார் வாசலில் முன்சக்கரம் இரண்டும் இல்லாமல் ஸ்டாண்டில் நிற்கிறது, இன்றோடு பதினோரு நாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் "என்னங்க, வண்டியப் பிரிச்சு வித்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். எப்படி ஏமாந்தேன், வீட்டில் இந்த வேலையைச் செய்வதாக இருந்தால் என்னென்ன பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் விவரமாகச் சொல்கிறேன்.

வண்டி 2004 ஓப்பல் கோர்சா, அப்பா வாங்கியது. விற்க மனசு வரவில்லை. ஓப்பல் பெயர் இந்தியாவில் 2006-லேயே போய்விட்டது, அதை இங்கே விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியும் 2017 கடைசியில் இங்கே கார் விற்பதையே நிறுத்திவிட்டது, அதனால் ஒரு சின்ன பார்ட்ஸுக்குக் கூட நாலு கடை ஏறி இறங்க வேண்டும். போன மாதம் வேகத்தடையில் ஏறும்போதெல்லாம் முன்பக்கம் 'கடக் கடக்' என்று சத்தம். கோவை கணபதியில் தெரிந்த மெக்கானிக் ஜாக்கி போட்டுச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு, "பால் ஜாயின்ட்டு ரெண்டும் போச்சுங்ணா" என்றார்.

பால் ஜாயின்ட்டு என்றால் முன்சக்கரத்தை வண்டிக்கு அடியில் இருக்கும் இரும்புக் கையோடு (லோயர் ஆர்ம்) சேர்க்கும் குண்டு மூட்டு. இந்த வண்டியில் அது லோயர் ஆர்மில் போல்ட்டு போட்டு வராது. கம்பெனியிலேயே மூன்று ரிவிட்டு (கழற்ற முடியாதபடி தலை நசுக்கிய ஆணி) அடித்து அனுப்பிவிடுவார்கள். மெக்கானிக்குகள் பாதிப் பேர் "ஆர்மோட மாத்துங்க" என்பது அதனால்தான். ஆனால் தனியாக வாங்கும் பால் ஜாயின்ட்டுடன் மூன்று போல்ட்டும் நட்டும் வரும், பழைய ரிவிட்டைத் துளைத்து எடுத்துவிட்டு அதே ஓட்டையில் போல்ட்டு போட்டு முடுக்கலாம். என்னிடம் ட்ரில் இருக்கிறது, கிரைண்டர் இருக்கிறது, சனி ஞாயிறு லீவு இருக்கிறது. நாமே செய்தால் என்ன என்று இறங்கினேன்.

பழைய கார்களுக்குப் பார்ட்ஸ் விற்கும் ஒரு ஆன்லைன் தளம். பல வியாபாரிகள் அதில் கடை போட்டிருப்பார்கள். ஒருவரிடம் இரண்டு பக்கத்துக்கும் செட்டாக 7,900 ரூபாய் போட்டிருந்தது, படத்தில் போல்ட்டின் தலையில் அதன் உறுதியைக் காட்டும் எண் 10.9 என்று பளிச்சென்று தெரிந்தது. ஆர்டர் போட்ட பத்தாவது நிமிடம் அந்த ஆளே போன் செய்தான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு மரியாதை. "சார், கோர்சாவா? நானும் கோர்சாதான் சார் வெச்சிருக்கேன், இதே செட்டுதான் என் வண்டியிலயும் ஓடுது, மூணு வருஷம் ஆச்சு." அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். பழைய வண்டிக்காரனுக்கு இன்னொரு பழைய வண்டிக்காரன் கிடைத்தால் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி. இருபது நிமிடம் பேசினோம். கடைசியில், "சைட்டுக்குக் கமிஷன் போறதுக்கு உங்களுக்கே குறைச்சுத் தரேன் சார், ஆர்டரை கேன்சல் பண்ணிட்டு இந்த நம்பருக்கு 7,450 போட்டுடுங்க, இன்னிக்கே அனுப்பிடறேன்" என்றான். 450 ரூபாய் மிச்சம் என்று நினைத்து 7,450 ரூபாயை அங்கேயே உட்கார்ந்து அனுப்பினேன். படித்தவன்தான் நான், என்ன செய்ய.

பார்சல் வெள்ளிக்கிழமை வந்தது. இங்கேதான் என் முட்டாள்தனம்: பெட்டியைத் திறந்தேன், இரண்டு ஜாயின்ட்டும் இருக்கிறதா என்று பார்த்தேன், போல்ட்டு இருந்த கவரைப் பிரிக்கவே இல்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தேன். ரிவிட்டு எடுக்கும் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். தொழிற்சாலையில் அழுத்தும்போது அது ஓட்டைக்குள்ளேயே புடைத்து நிறைந்துவிடும், தலையை மட்டும் வெட்டினால் தண்டு வெளியே வராது. தலையின் நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, சின்ன பிட்டில் ஆரம்பித்து, பிறகு எட்டு எம்எம், அதற்கப்புறம் ரிவிட்டின் தடிமனுக்கு நெருக்கமான பிட், நடுநடுவே எண்ணெய் விட்டு விட்டுத் துளைக்க வேண்டும். பிட் ஒரு பக்கம் சாய்ந்தால் ஆர்மின் ஓட்டையையும் சேர்த்துக் குடைந்துவிடும். நீலம் பாய்ந்த இரும்புச் சுருள் பனியனுக்குள் விழுந்து நெஞ்சைச் சுட்டது, இரண்டு பிட் உடைந்தது. ஆறு ரிவிட்டையும் எடுத்து முடிக்க மதியம் மூன்று மணி. கடைசி ரிவிட்டின் தண்டு சுத்தியல் அடிக்கு 'டங்' என்று தரையில் விழுந்தபோது என் பெண் கை தட்டினாள். அந்தச் சந்தோஷம் பத்து நிமிடம்.

போல்ட்டுக் கவரைப் பிரித்தால் தலையில் எண்ணே இல்லை. 10.9-உம் இல்லை, 8.8-உம் இல்லை, மொட்டை. சரி, போட்டுப் பார்ப்போம் என்று இடது பக்கம் மாட்டி டார்க் ரெஞ்ச் (வேண்டிய இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சத்தம் போடும் ஸ்பேனர்) வைத்தேன். 'டக்' சத்தம் வரவே இல்லை, ரெஞ்ச் சுற்றிக்கொண்டே போகிறது. கழற்றிப் பார்த்தால் போல்ட்டு மரைக்குக் கீழே ஜவ்வு மாதிரி இழுபட்டு ஒல்லியாகிக் கிடக்கிறது. வலது பக்கம் அதற்கு மேல்: இரண்டு ஓட்டை சேர்கிறது, மூன்றாவது இரண்டு எம்எம் தள்ளி நிற்கிறது. புது ஜாயின்ட்டின் குண்டைக் கையால் ஆட்டினால் தொளதொள என்று ஆடுகிறது. புதுசு என்றால் விரலால் அசைக்கவே கஷ்டமாக இருக்க வேண்டும்.

தெரு முனையில் லேத் வைத்திருக்கும் அண்ணன் அந்தப் போல்ட்டையும் தன் டப்பாவிலிருந்த ஒரு 10.9 போல்ட்டையும் வைஸில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துச் சுத்தியலால் ஆளுக்கு ஒரு போடு போட்டார். ஒன்று அப்படியே நின்றது. என்னுடையது தலை குனிந்து கும்பிடு போட்டது. "கண்ணு, இது கேட்டுக்குப் போடற போல்ட்டு" என்றார். 10.9 என்றால் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 1,000 நியூட்டன் தாங்கும், சாதாரண 4.6 போல்ட்டு 400தான். ஓடும்போது பால் ஜாயின்ட்டு கழன்றால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். பின் சீட்டில் என் பெண் இருப்பாள்.

அந்த 'கோர்சாக்காரனை'க் கூப்பிட்டேன். "அப்படியா சார், போட்டோ அனுப்புங்க." அனுப்பினேன். இரண்டு நாள் நீல டிக் மட்டும். மூன்றாம் நாள், "ஹோலைக் கொஞ்சம் பெருசு பண்ணிக்கங்க சார், எல்லாரும் அப்படித்தான் போடறாங்க." இதைச் சொல்ல அவனுக்கு எப்படி வாய் வந்தது! ஓட்டை பெரிதானால் ஜாயின்ட்டு உள்ளே நகரும். அடுத்த நாள், "பிரிக்கறப்போ எடுத்த வீடியோ இருக்கா?" அதற்கடுத்து, "ஃபிட் பண்ணின ஐட்டம் ரிட்டர்ன் ஆகாது." நான் போல்ட்டைப் பற்றிக் கேட்டதற்கு வந்த பதில்தான் உச்சம்: "போல்ட்டு ஃப்ரீயா கொடுத்தது சார்." 7,450 ரூபாய் வாங்கிக்கொண்டு ஃப்ரீயாம். உங்கள் கோர்சா எங்கே, ஒரு போட்டோ அனுப்புங்கள் என்று கேட்டேன். அன்றிலிருந்து நம்பர் பிஸி.

தளத்துக்காரர்களிடம் போனால் முதலில் ஒரு மெஷின் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று நாலு தடவை வருந்தியது. பிறகு வந்த மனுஷி, "உங்க ஆர்டரை நீங்களே ரத்து பண்ணியிருக்கீங்க சார், எங்க கணக்குல பணமே வரலை" என்றார். அவர் சொல்வது உண்மை, அதுதான் வயிறு எரிகிறது. அந்த ஆளின் கடை இன்னும் அதே தளத்தில் அதே படத்தோடு நான்கரை நட்சத்திரத்தில் திறந்திருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் சைபர் மோசடிக்கான 1930-க்கும் புகார் கொடுத்திருக்கிறேன். எண் கொடுத்திருக்கிறார்கள், பார்ப்போம்.

விவரமாக எழுத உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. இதையாவது செய்யுங்கள். பணத்தைத் தளத்துக்கு வெளியே அனுப்பாதீர்கள், யார் எந்தக் கார் வைத்திருந்தாலும் சரி. பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். புது ஜாயின்ட்டைப் பழையதன் மேல் வைத்து மூன்று ஓட்டையும் சேர்கிறதா, போல்ட்டுத் தலையில் எண் இருக்கிறதா என்று பார்க்காமல் ரிவிட்டில் ட்ரில்லை வைக்காதீர்கள், எடுத்த ரிவிட்டு திரும்ப வராது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

லேத் அண்ணன் கூப்பிடுகிறார், உக்கடத்தில் கோர்சா லோயர் ஆர்ம் ஒரு ஜோடி கிடக்கிறதாம், 2,500 சொல்கிறார்களாம். அதிலும் மூன்று மூன்று ரிவிட்டு அடித்துத்தான் இருக்கும். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.