வாய்வு என்று அனுப்பிவிட்டார்கள், நுரையீரல் சுருங்கிக் கிடந்தது

நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் இருக்கிறவர்கள் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள்.

தம்பிக்கு 22 வயது. ஒல்லி, நல்ல உயரம். சும்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று வலது பக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். குத்துகிற வலி, மூச்சை முழுசாக இழுக்க முடியவில்லை. டவுனில் ஒரு பிரைவேட் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம் (பெயர் போடவில்லை, கேட்காதீர்கள்). டாக்டர் கம்பளி ஸ்வெட்டருக்கு மேலாலேயே ஸ்டெதஸ்கோப்பை இரண்டு இடத்தில் வைத்துவிட்டு, "காஸ்ட்ரைட்டிஸ், வாய்வு ஏறியிருக்கு" என்றார். ஈசிஜி, இரத்தப் பரிசோதனை, ஊசி, ஒரு பை மாத்திரை. பில் 11,800 ரூபாய். எக்ஸ்ரே மட்டும் எடுக்கவில்லை. அடுத்த கிழமை கட்டாருக்கு டிக்கெட் இருக்கிறதே என்றதற்கு, "தாராளமா போகலாம்" என்றார்.

மூன்றாம் நாள் படி ஏறி வந்தவன் லயத்து வாசலிலேயே குந்திவிட்டான். 1990 ஆம்புலன்ஸ் நம்பருக்கு அடித்தோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கேட்ட இளம் டாக்டர், வலது பக்கம் மூச்சுச் சத்தமே இல்லை என்று உடனே எக்ஸ்ரேக்கு அனுப்பினார். காற்றுதான், ஆனால் வயிற்றில் இல்லை. நுரையீரலில் ஓட்டை விழுந்து, வெளியே கசிந்த காற்று அதை அமுக்கிக்கொண்டிருந்தது. உயரமான ஒல்லிப் பையன்களுக்கு, அதுவும் சிகரெட் பிடித்தால், இப்படித் திடீரென்று வருமாம். (அன்றைக்குத்தான் அம்மாவுக்கு சிகரெட் விஷயமே தெரிந்தது.)

காற்று கொஞ்சம்தான், மூச்சு முட்டவில்லை என்றால் பார்த்துக்கொண்டிருந்தாலே தானாக வற்றிவிடும். கூடினால் ஊசியால் உறிஞ்சுவார்கள், இல்லாவிட்டால் குழாய். தம்பிக்குக் குழாய். விறைக்க ஊசி போட்டு விலா எலும்புகளுக்கு நடுவே செருகினார்கள், மறுமுனை கட்டிலுக்குக் கீழே தண்ணீர்ப் போத்தலில். இருமும்போதெல்லாம் குபுகுபுவென்று குமிழி. டொய்லட்டுக்குப் போகும்போது போத்தலை உயர்த்திப் பிடித்ததற்கு நர்ஸ் மிஸ்ஸிடம் நன்றாக வாங்கிக் கட்டினேன். நெஞ்சுக்கு மேலே போனால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடுமாம். நான்காம் நாள் குமிழி நின்றது, எக்ஸ்ரே பார்த்துக் குழாயை எடுத்தார்கள். சிகிச்சைக்கு ஒரு சதம் செலவில்லை. திரும்ப வந்தால் ஒபரேஷன் பற்றி யோசிக்க வேண்டும் என்றார்கள்.

பிளேன் மேலே ஏற ஏற, அடைபட்ட காற்று விரியும். அந்த டிக்கெட்டில் போயிருந்தால் என்று நினைக்கவே கை நடுங்குகிறது. நுரையீரல் முழுசாக விரிந்ததை எக்ஸ்ரேயில் பார்த்து, அதற்குப் பிறகும் ஒரு கிழமையாவது பொறுக்க வேண்டுமாம்.

ஒரு பக்க நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் சேர்ந்து வந்தால் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுக் காட்டுங்கள், எக்ஸ்ரேயை வாய்விட்டுக் கேளுங்கள்.

பில்லைத் தூக்கிக்கொண்டு அந்தக் கிளினிக்குக்குப் போனேன். டாக்டரிடம் பேச வேண்டுமென்றால் காசு கட்டி மறுபடி நம்பர் எடுக்கணுமாம்.