கத்தியா, ஊசியா, மாற்று ஈரலா? ஆரம்பநிலைக் கல்லீரல் புற்றுநோய்க்கான மூன்று சிகிச்சைகள்

ஆரம்ப நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட கல்லீரல் புற்றுநோயை முற்றாக ஒழிக்கும் நோக்கத்துடன் செய்யப்படும் சிகிச்சைகள் முதன்மையாக மூன்று: கட்டியுள்ள பகுதியை அறுவை செய்து நீக்குவது, தோல் வழியாக ஊசியைச் செலுத்திக் கட்டியை இருந்த இடத்திலேயே சுட்டு அழிப்பது, கல்லீரலையே மாற்றுவது. ஒரே ஸ்கேன் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அறுவை மருத்துவர் முதலாவதையும், ஊசிவழிச் சிகிச்சை செய்யும் ரேடியாலஜிஸ்ட் இரண்டாவதையும், மாற்று அறுவைக் குழுவினர் மூன்றாவதையும் பரிந்துரைப்பது அரிதன்று. அந்த நிலையில் குடும்பத்தார் எந்த முறை கட்டியை நன்றாக அகற்றும் என்று கேட்கிறார்கள். கட்டி போன பிறகு மிஞ்சும் கல்லீரல் எப்படிப்பட்டது என்ற கேள்விதான் அதற்கு முன் வர வேண்டும் என்பது என் கணிப்பு. இந்த அலசலும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் செல்கிறது.

கல்லீரலிலேயே தொடங்கும் புற்றுநோய்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு, கல்லீரல் செல்களிலிருந்து உருவாகும் ஹெபட்டோசெல்லுலார் கார்சினோமா என்ற வகை. இங்கே பேசப்படுவது அது மட்டுமே. குடலிலோ மார்பகத்திலோ தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவிய புற்றுநோய்க்கு வழிமுறைகள் வேறு. இந்த வகை வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கல்லீரல் தழும்பேறிச் சுருங்கியிருக்கும். சிரோசிஸ் எனப்படும் அந்தச் சுருக்கநோயும் புற்றுநோயும் ஒரே உறுப்பில் குடியிருப்பதால், ஒன்றுக்குச் செய்யும் சிகிச்சை மற்றொன்றை மோசமாக்கக்கூடும். கட்டியை முழுவதுமாக வெட்டி எடுத்துவிட்டு, நோயாளியைக் கல்லீரல் செயலிழப்பில் இழந்த கதைகள் இத்துறையில் உண்டு.

சிரோசிஸுக்குக் கொண்டு செல்லும் பாதைகள் பல: ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகிய வைரஸ்கள், மது, நீரிழிவும் உடற்பருமனும் சேர்ந்து வளர்க்கும் கொழுப்புக் கல்லீரல். பூஞ்சை பிடித்த நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு, ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கு ஆபத்தைப் பன்மடங்காக்கும். பி வைரஸ் மட்டும் ஒரு விதத்தில் விலக்கு. சிரோசிஸ் என்ற இடைப்படி இல்லாமலேயே அது புற்றுநோயை உண்டாக்க வல்லது. அதனால்தான் தைவான் 1984-இல், பிறந்த குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தொடங்கியதும், அடுத்த தலைமுறைச் சிறுவர்களிடையே கல்லீரல் புற்றுநோய் குறைந்ததும் மருத்துவ வரலாற்றில் இடம்பிடித்தன. ஒரு தடுப்பூசி புற்றுநோயைத் தடுக்கும் என்பது மக்கள்தொகை அளவில் தெளிவாகத் தெரிந்தது அங்கேதான்.

மூன்று சிகிச்சைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு, நோயைச் சிறிதாக இருக்கும்போதே பிடித்தவர்களுக்குத்தான் கிடைக்கிறது. வலி, மஞ்சள் காமாலை, எடைக்குறைவு என அறிகுறிகள் வந்த பிறகு கண்டுபிடிக்கப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே வராதவை. சிரோசிஸ் உள்ள அனைவருக்கும், பி வைரஸைச் சுமப்பவர்களில் ஆபத்து மிகுந்தவர்களுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் செய்ய வேண்டும் என்பது ஏற்கப்பட்ட நெறி. ஆனால் அல்ட்ராசவுண்ட் மட்டும் செய்தால் ஆரம்பநிலைக் கட்டிகளில் ஏறத்தாழ பாதிதான் பிடிபடுகின்றன. பருமனான உடலிலும் கொழுப்பேறிய கல்லீரலிலும் இன்னும் குறைவாகவே பிடிபடும். ஏ.எஃப்.பி. என்ற இரத்தப் பரிசோதனையையும் சேர்த்தால் அது மூன்றில் இரண்டு பங்கை நெருங்குகிறது. ஏ.எஃப்.பி. சோதனையை மட்டும் தனியாகச் செய்து நிம்மதி அடைவது தவறு, ஏனெனில் சிறிய கட்டிகள் பலவற்றில் அந்த அளவு உயர்வதே இல்லை. ஷாங்காய் நகரில் ஏறத்தாழ 19,000 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இவ்விரண்டையும் செய்துகொண்ட பிரிவில் கல்லீரல் புற்றுநோய் மரணங்கள் 37 விழுக்காடு குறைந்திருந்தன. மலிவான இரு பரிசோதனைகளுக்கு இது பெரிய பலன். நம் ஊரில் சிரோசிஸ் நோயாளிகளுக்கு இந்த ஆறு மாதக் கணக்கை யாரும் அழுத்திச் சொல்லாமல் விட்டுவிடுவதே அதிகம்.

சந்தேகத்துக்குரிய முடிச்சு 1 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் மருந்து செலுத்தி சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். ஆரோக்கியமான கல்லீரல் தன் இரத்தத்தில் பெரும்பகுதியை, குடலிலிருந்து இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையிலிருந்து பெறுகிறது. கட்டியோ தமனியை நம்பி வளர்கிறது. எனவே மருந்து தமனிக்குள் பாயும் முதல் அரை நிமிடத்தில் கட்டி சுற்றுப்புறத்தைவிடப் பளிச்சென்று ஒளிரும். அடுத்த சில நிமிடங்களில் சுற்றியுள்ள கல்லீரல் வெளுக்க, கட்டி கறுத்துத் தெரியும். சிரோசிஸ் உள்ளவருக்கு இந்த ஒளிர்தலும் கறுத்தலும் தெளிவாகத் தெரிந்தால் சதைத் துணுக்கு எடுத்துப் பயாப்சி செய்யாமலேயே புற்றுநோய் என உறுதி செய்யலாம். ஏனைய புற்றுநோய்களில் இத்தகைய சலுகை அரிது.

இனி அறுவையைப் பார்ப்போம். கல்லீரல் எட்டுப் பிரிவுகளாகப் பகுக்கப்படுகிறது; ஒவ்வொன்றுக்கும் தனி இரத்தக் குழாயும் பித்தக் குழாயும் உண்டு. கட்டி அமர்ந்துள்ள பிரிவை அதன் குழாய்களோடு சேர்த்து எடுப்பதே நல்ல அறுவை. வெட்டும்போது இரத்தம் பெருகாமலிருக்க, கல்லீரலுக்குள் இரத்தம் நுழையும் தண்டைக் கவ்வியால் இறுக்கி, வழக்கமாக 15 நிமிடம் அடைத்து வைத்து, பின் 5 நிமிடம் திறந்துவிட்டு, மீண்டும் அடைப்பார்கள். நல்ல கல்லீரல் இந்த மூச்சுத்திணறலை எளிதாகத் தாங்கும். சுருங்கிய கல்லீரலுக்கு ஒவ்வொரு அடைப்பும் ஓர் அடி. வெட்டிய பிறகு மிஞ்ச வேண்டிய அளவும் அப்படித்தான் வேறுபடுகிறது. நலமான கல்லீரலில் 25 முதல் 30 விழுக்காடு மிஞ்சினால் போதும், மீதி வளர்ந்துவிடும். சிரோசிஸ் உள்ளவருக்கு ஏறத்தாழ 40 விழுக்காடு மிஞ்ச வேண்டும். அது போதாது எனத் தெரிந்தால், நோயுள்ள பக்கத்துக்குச் செல்லும் போர்ட்டல் சிரையை முன்கூட்டியே அடைத்து, மறுபக்கம் பெருக்கச் சில வாரங்கள் காத்திருந்து அறுவை செய்யும் வழி உண்டு.

யாருக்கு அறுவை ஏற்றது என்பதை எடைபோட பில்லிருபின் (காமாலையை உண்டாக்கும் நிறமி), அல்புமின் (கல்லீரல் தயாரிக்கும் புரதம்), இரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர்க்கோப்பு, மூளைக் குழப்பம் ஆகிய ஐந்தையும் மதிப்பிடும் சைல்டு-பியூ அட்டவணை உதவுகிறது. கல்லீரல் நன்றாக இயங்கும் ‘ஏ’ வகுப்பினரே அறுவைக்குத் தகுந்தவர்கள். ஆனால் ‘ஏ’ என்ற எழுத்து மட்டும் போதாது. மண்ணீரல் வீங்கியிருந்து தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழ் இருந்தால், போர்ட்டல் சிரையில் அழுத்தம் கூடியிருக்கிறது என்று பொருள், அறுவையின் ஆபத்தும் கூடுகிறது. கையிலிருக்கும் சாதாரண இரத்தப் பரிசோதனைத் தாளிலேயே தெரியும் இந்தத் தட்டணு எண்ணிக்கையை நோயாளியின் குடும்பத்தார் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் அறுவைக்குப் பின் 5 ஆண்டு உயிர்வாழ்வு 60 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அதே 5 ஆண்டுகளுக்குள் 70 விழுக்காடு வரையிலானோருக்குப் புற்றுநோய் திரும்பவும் தோன்றுகிறது. இவ்விரண்டு எண்களையும் சேர்த்துச் சொல்லாத மருத்துவ ஆலோசனை அரைகுறையானது. முதல் இரண்டு ஆண்டுகளில் வருவது பெரும்பாலும் பழைய கட்டியின் கண்ணுக்குத் தெரியாத சிதறல். அதற்குப் பின் வருவது, நோயுற்ற கல்லீரல் புதிதாக முளைக்கவிட்ட வேறொரு கட்டி.

ஊசிவழிச் சிகிச்சை இதற்கு நேர்மாறான கொள்கையுடையது: கல்லீரலில் முடிந்தவரை எதையும் இழக்காதே. அல்ட்ராசவுண்ட் அல்லது சி.டி. வழிகாட்ட, மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, ரேடியோ அலையாலோ மைக்ரோவேவாலோ சூடேற்றுவார்கள். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் செல்கள் உடனே மடிகின்றன. திரையில் கட்டியைச் சுற்றி வெள்ளைக் குமிழிகள் மேகமாகப் பரவுவதைப் பார்க்கலாம். கட்டியின் எல்லைக்கு வெளியே 5 மி.மீ. அளவாவது வெந்திருக்க வேண்டும் என்பது இலக்கு. ஓரிரு நாளில் வீடு திரும்பலாம், வயிற்றில் பெரிய தழும்பு இராது, மறுபடி வந்தால் மறுபடியும் செய்யலாம்.

பெரிய இரத்தக் குழாயை ஒட்டிய கட்டியில் இம்முறை தடுமாறுகிறது. ஓடும் இரத்தம் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடுவதால் அந்தப் பக்கத்தில் செல்கள் தப்பிவிடும். மைக்ரோவேவில் இக்குறை சற்றுக் குறைவு. பித்தக் குழாய்கள் கூடும் மையப்பகுதி, பித்தப்பை, குடல் ஆகியவற்றை ஒட்டியிருந்தால் சூடு அவற்றையும் காயப்படுத்தும். அளவும் முக்கியம், 3 செ.மீ.க்கு மேல் போகப் போகக் கட்டி முழுதாக அழிவது உறுதியற்றதாகிறது.

இந்த இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சீனாவில் நடந்த ஓர் ஆய்வு வேறுபாடு இல்லை என்றது, மற்றொன்று அறுவையே மேல் என்றது. 3 செ.மீ.க்கு மிகாத, மூன்றுக்கு மேற்படாத கட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்ட ஜப்பானின் சர்ஃப் ஆய்வு, உயிர்வாழ்விலோ நோய் திரும்புவதிலோ குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. இவற்றை வைத்து நான் சொல்லத் துணிவது இது: 2 செ.மீ. வரை, ஊசி எட்டும் இடத்தில் இருந்தால் ஊசியே முதல் தேர்வாகட்டும். கல்லீரலின் விளிம்பில் 4 செ.மீ. கட்டியும் நல்ல தட்டணு எண்ணிக்கையும் இருந்தால் அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம். இடைப்பட்ட 2-3 செ.மீ. கட்டிகளில், அந்த மருத்துவமனையில் எந்தக் கை தேர்ந்தது என்பதே உண்மையில் முடிவைத் தீர்மானிக்கிறது. சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவை வளர்ந்துவருவதால் இந்த எல்லைக்கோடு அறுவையின் பக்கம் சற்று நகர்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கல்லீரல் மாற்று, கொள்கையளவில் இரண்டையும் மிஞ்சும், ஏனெனில் கட்டியோடு சேர்த்து அது முளைத்த மண்ணையும் அகற்றிவிடுகிறது. ஆனால் தொடக்க காலத்தில் பெரிய கட்டிகளுக்கும் செய்து, நோய் திரும்பி, இம்முறை ஏறத்தாழக் கைவிடப்பட்டிருந்தது. இத்தாலியின் மிலான் நகரில் வின்சென்சோ மாசஃபெர்ரோ குழுவினர் 1996-இல் 48 நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரைதான் நிலைமையை மாற்றியது. ஒரே கட்டியாயின் 5 செ.மீ.க்குள், பலவாயின் மூன்றுக்கு மிகாமல் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள், இரத்தக் குழாயில் ஊடுருவல் இல்லை, வெளியே பரவல் இல்லை என்ற வரம்புக்குள் இருந்தவர்களில் 4 ஆண்டு உயிர்வாழ்வு 75 விழுக்காடு. மிலான் வரம்பு என்று இன்றும் உலகமெங்கும் அதைத்தான் சொல்கிறார்கள். சற்றே தளர்த்திய வரம்புகளும், ஏ.எஃப்.பி. அளவையும் கணக்கில் எடுக்கும் முறைகளும் பின்னால் வந்தன.

இங்குதான் நம் நாட்டுச் சூழல் மேற்கத்திய நெறிமுறைகளிலிருந்து பிரிகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரல் பொருத்தப்படுகிறது. கேள்வி, வரிசையில் காத்திருக்கும் காலத்துக்குள் கட்டி வரம்பைத் தாண்டிவிடுமா என்பது. 2008 முதல் மூளைச்சாவுக் கொடையில் முன்னோடியாக இருக்கும் தமிழ்நாட்டிலும் தேவைக்கு ஏற்ப உறுப்புகள் கிடைப்பதில்லை. எனவே இந்தியாவில் பெரும்பாலான கல்லீரல் மாற்றுகள் உறவினர் ஒருவரின் வலப்பக்கக் கல்லீரலை, அதாவது ஏறத்தாழ 60 விழுக்காட்டை, எடுத்தே நடக்கின்றன. சில மாதங்களில் அது வளர்ந்து ஈடுகட்டிவிடும் என்பது உண்மை. நலமாக இருந்த அந்தக் கொடையாளருக்கு ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து வரையிலான மரண ஆபத்து இருக்கிறது என்பதும் உண்மை. உயிருடன் உறுப்பு தருவோரில் பெண்களே அதிகம். மனைவி தயங்கினால் குடும்பமே அவரைப் பார்க்கும் பார்வை எப்படியிருக்கும் என்பதை எந்த நெறிமுறை நூலும் எழுதுவதில்லை. கொடையாளரைத் தனியாக உட்காரவைத்துப் பேசி, அவர் மறுத்தால் மருத்துவக் காரணத்தால் பொருந்தவில்லை என்று மட்டும் வெளியே சொல்லும் மருத்துவக் குழுக்கள் உண்டு. அது சரியான வழக்கம்.

ஆகவே, கல்லீரல் இன்னும் நன்றாக இயங்கும் ஒருவருக்கு, அறுவையோ ஊசியோ செய்யக்கூடிய கட்டியிருக்கையில், இன்னொருவர் உடலைக் கீறுவதை முதல் தேர்வாக்குவதை நான் ஏற்கமாட்டேன். மாறாக, பில்லிருபின் உயர்ந்து, வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு, கட்டி மிலான் வரம்புக்குள் இருப்பவருக்கு முதலிரண்டு வழிகளையும் பேசிக் காலம் கடத்துவது அவருக்குக் கேடு. தனியார் மருத்துவமனைகளில் பல லட்சங்கள் ஆகும் இந்த அறுவையை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. மாற்றுக்குப் பிறகு டாக்ரோலிமஸ் போன்ற எதிர்ப்பாற்றல் அடக்கும் மருந்துகள் வாழ்நாள் முழுதும் தேவை. பி வைரஸ் இருந்தவருக்கு அதற்கான மாத்திரையும் தொடரும்.

மூன்றுக்குள்ளும் வராதவர்களுக்குத் தமனி வழியாக மருந்து செலுத்திக் குழாயை அடைக்கும் டேஸ் சிகிச்சை, இட்ரியம்-90 கதிரியக்கத் துகள்கள், மருந்துகள் ஆகியவை உள்ளன. நெடுங்காலம் சோராஃபெனிப் ஒன்றே மருந்தாக இருந்தது. மாதத்துக்கு ஏறத்தாழ 2.8 லட்சம் ரூபாய் விலையிருந்த அதைச் சுமார் 8,800 ரூபாய்க்கு விற்க 2012-இல் நாட்கோ நிறுவனத்துக்கு இந்தியா கட்டாய உரிமம் (காப்புரிமையாளரின் சம்மதமின்றித் தயாரிக்கும் அனுமதி) வழங்கியது, நாட்டின் முதல் கட்டாய உரிமம் அதுவே. அட்டெசோலிசுமாப்-பெவாசிசுமாப் கூட்டு மருந்து அதை முந்தியது: 2020-இல் வெளியான ஆய்வின் தொடர் கணக்கெடுப்பில் இடைநிலை உயிர்வாழ்வு (நோயாளிகளில் பாதிப்பேர் தாண்டிய காலம்) 19.2 மாதம், சோராஃபெனிப்புக்கு 13.4 மாதம். இதைத் தொடங்குமுன் உணவுக்குழாய் இரத்தநாளப் புடைப்புகளுக்கு எண்டோஸ்கோப்பி செய்தாக வேண்டும். பெவாசிசுமாப் இரத்தப்போக்கைத் தூண்டக்கூடியது.

அறுவைக்குச் சாதகமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊசியால் சுட்ட கட்டி சாம்பலாகிப்போகிறது. வெட்டி எடுத்த கட்டி நோய்க்குறியியல் ஆய்வகத்துக்குப் போகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களில் புற்றுச் செல்கள் நுழைந்திருப்பது அங்கே தெரியவந்தால், நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று முன்கூட்டியே அறிந்து, முதல் இரண்டு ஆண்டுகள் ஸ்கேன்களை மூன்று மாதத்துக்கு ஒன்றாக நெருக்கிவைக்கலாம். திரும்பி வந்த கட்டி மிலான் வரம்புக்குள் இருக்கும்போதே பிடிபட்டால், முதல் முறை ஒதுக்கிவைத்த கல்லீரல் மாற்று அப்போதும் கையில் இருக்கும்.