வெள்ளவத்தையில் எடுத்த ஹக்ஸ்லி படம்

உயர்தர உயிரியல் வகுப்பு எடுக்கிறேன். சுவரில் டார்வின் மட்டும் தனியாக இருப்பது எனக்கு நெடுநாள் குறை. சரி, பக்கத்தில் ஆங்கிலேய உயிரியலாளர் தோமஸ் ஹென்றி ஹக்ஸ்லியையும் வைப்போம் என்று காலி வீதியில் ஒரு கடையில் அச்சடித்துச் சட்டம் போட்டு எடுத்தேன். ஏ3 அளவு, 4,800 ரூபா.

ஹக்ஸ்லியின் மருமகன் ஜோன் கோலியர் 1883இல் தீட்டிய ஓவியம் அது. கையில் ஒரு மண்டையோடு. 1860இல் ஒக்ஸ்போர்டில் ஆயர் வில்பர்போர்ஸுக்கு எதிரே நின்று பரிணாமத்துக்காக வாதாடியவரின் உறுதி அந்த முகத்தில் இருக்கிறது. சிறு வயதில் அவர் பள்ளிக்கூடம் போனது ஏறக்குறைய இரண்டே வருடம். மிச்சமெல்லாம் தானாகப் படித்தது. பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

முதல் பிரதி சரிவரவில்லை. பளபளப்புத் தாளில் கோட்டும் பின்னணியும் ஒரே கறுப்பாகக் கலந்துவிட்டன. "அண்ணா, தோள் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லையே" என்றேன். கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மறுபேச்சில்லாமல் மங்கல் தாளில் திரும்ப அடித்துத் தந்தார், மேலதிகக் காசும் கேட்கவில்லை. இப்போது கன்னத்துக் கிருதாவின் நரை கூட இழை இழையாகத் தெரிகிறது.

கடற்கரைப் பக்கம் வீடென்றால் சட்டத்தின் பின்புறத்தை டேப் போட்டு நன்றாக மூடச் சொல்லுங்கள். உப்புக் காற்று தாளை நெளித்துவிடும். எனக்குக் கேட்காமலே செய்து தந்தார்கள். அடுத்து, டார்வினைப் போலவே இயற்கைத் தேர்வைக் கண்டறிந்த வாலஸின் படத்துக்கும் அங்கேதான் போவேன்.